லாக் புக்கில் அமாவாசை

மானிய இன்ஸ்பெக்‌ஷனுக்கு அந்த வியாழக்கிழமையைக் குறித்துக் கொடுத்தவன் நான்தான். காலையில் சாயப்பட்டறைக்குள் நுழைந்தால் ஒரு தொட்டியிலும் நூல் இல்லை. அன்றைக்கு அமாவாசை. காஞ்சிபுரத்தில் அன்று தறி ஓடாது, சாயத் தொட்டியையும் யாரும் தொட மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் பாய்லர் பார்த்தவனுக்கு இது தெரியாதா? தேதி குறிக்கும்போது காலண்டரைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பாய்லர் ஆவி முதலில் ஒரு சின்ன டர்பைனைச் சுற்றிவிட்டுக் கரண்ட் கொடுக்கும். பிறகு அதே ஆவி தொட்டிகளுக்குப் போய்ப் பட்டு நூலை வேகவைக்கும். ஒரே விறகில் இரண்டு வேலை நடப்பதால் அரசாங்கம் மானியம் தருகிறது. ஒரு கண்டிஷன் உண்டு. மிஞ்சும் சூடு வீணாகாமல் வேலைக்குப் போக வேண்டும். அதைக் காட்டத்தான், தொட்டிகளுக்கு எவ்வளவு ஆவி போனது என்று தினமும் நான் எழுதும் லாக் புக். முதலாளி தணிகாசலம் வீட்டை அடமானம் வைத்து டர்பைன் வாங்கியிருந்தார். மானியம் வராவிட்டால் வீடு போய்விடும்.

பிள்ளையார்பாளையத்துக்கு வண்டியை விரட்டிச் சாய மேஸ்திரி எல்லப்பனைக் கெஞ்சினேன்.

"அமாவாசையில தொட்டில கை வெக்கச் சொல்றியே, இன்னாபா நீ? வீட்ல படையல் போட்டுக்கினு இருக்காங்க. ஆபீசர நாளைக்கு வரச் சொல்லு."

"ஆபீசர் வந்துக்கினு இருக்காங்க மேஸ்திரி!"

"வந்தா காப்பி குடு" என்று உள்ளே போய்விட்டார்.

என் புத்தி எங்கே போனதோ, வேலை நடப்பதுபோல் காட்டப் பாய்லரை மூட்டி, டர்பைனை ஓடவிட்டு, ஆவியைக் கூரைக் குழாய் வழியாக வெளியே திறந்துவிட்டேன். மீட்டர் முள் நகர்ந்தது. தணிகாசலம் கையைப் பிசைந்துகொண்டு இங்கும் அங்கும் நடந்தார்.

ஆபீசரம்மா வந்ததும் நேராகத் தொட்டியில் கை வைத்தார். சில்லென்றிருந்தது. கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த ஆவி யாருக்கு சார் போகுது? காக்காய்க்கா?"

அவர் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி லாக் புக் பக்கத்தில் வைத்தார். கறுப்பு வட்டம் போட்ட அமாவாசைத் தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"போன மாச அமாவாசைக்கும் முழு ஆவி எழுதியிருக்கீங்க. அதுக்கு முந்தின மாசமும் அப்படியே. அன்னிக்கெல்லாம் யாரு நூல் வேகவெச்சாங்க?"

யாரும் இல்லை. காலிக் கட்டம் அசிங்கமாகத் தெரிகிறதே என்று முந்தின நாள் அளவையே எழுதிவந்தேன். யாரையும் ஏமாற்றவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்டு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தான் மேடம் எழுதினேன். முதலாளிக்குத் தெரியாது."

விண்ணப்பம் திரும்பி வந்தது. மூன்று மாதத்துக்குப் புது லாக் வேண்டும் என்றார்கள். தணிகாசலம் திட்டவில்லை. "வீட்ல இன்னா சொல்றதுபா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தாலாவது எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அடுத்த அமாவாசைக் கட்டத்துக்கு எதிரே பேனாவைக் கொண்டுபோய், எழுதாமல் மூடி வைத்தேன். சராசரி குறைந்து மானியம் தட்டிப்போய்விட்டால்? பாய்லர் ரூமுக்குள் பத்துத் தடவை நடந்தேன். கடைசியில் பூஜ்யம் போட்டேன். மூன்று மாதத்தில் மூன்று பூஜ்யம்.

ஆபீசரம்மா மறுபடி வந்த அன்று தொட்டிகளில் நூல் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கமே போகவில்லை. காலண்டரை வைத்துக்கொண்டு அமாவாசைப் பக்கங்களை மட்டும் புரட்டினார். மூன்றாவது பூஜ்யத்தைப் பார்த்ததும் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

லாக் புக் எழுத உட்காரும் பிள்ளைகளே, ஓடாத நாளை ஓடவில்லை என்றே எழுதுங்கள். தணிகாசலத்தின் வீட்டை மீட்டுக் கொடுத்தவை அந்த மூன்று பூஜ்யங்கள்தான்.