வெயில் பட்ட கிழங்கு

கத்தி தோலுக்குள் இறங்கியதும் அந்த மணம் எழுந்தது. ஈரமண்ணும் பச்சிலையும் கலந்த, தொண்டையில் இலேசாகக் கரகரக்கும் மணம். குசினி யன்னலடியில் நான் மறந்துவிட்ட உருளைக்கிழங்கு. வெயில் பட்ட பக்கம் பச்சை படிந்திருந்தது. எத்தனையோ ஊர், எத்தனையோ வாடகை வீடு மாறிவிட்டேன். இந்த மணம் மட்டும் எங்கிருந்தாலும் என்னைப் பிடித்து, ஊர்காவற்றுறையில் படகேற்றி, ஒரு சின்னத் தீவில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. என் முதல் உத்தியோகம் அங்கேதான். என்னைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்ட பெரிய ரீச்சரும் அங்கேதான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, தலை நரைத்தவர் அவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சியோடு கட்டிலடியில் இருந்தவர். என் விஞ்ஞான வகுப்புக்குச் சில நாட்களில் வந்து பின்வரிசை வாங்கில் குந்திக் கேட்பார். ஒருநாள் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்: மாடு ஓடும், மீன் ஓடும், கிழங்கு ஓடாது. ஓட ஏலாத உயிர் தன் உடம்புக்குள்ளேயே காவல் வைத்திருக்கும். பூச்சி கடித்தாலும் காயம் பட்டாலும் வெயில் விழுந்தாலும் உருளைக்கிழங்கு சொலனின் என்ற நஞ்சைக் கூட்டிக்கொள்ளும். பச்சை நிறம் வெறும் அடையாளம். நஞ்சுக்கு நிறமில்லை, அவித்தாலும் போகாது. வகுப்பு முடிந்ததும் பெரிய ரீச்சர் என் தோளில் தட்டினார். "வடிவாச் சொல்லுறீர். எனக்கே இண்டைக்குத்தான் விளங்கினது."

அந்தச் சோளகக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்துப் படகு ஓடவில்லை. பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கான கிழங்கு மூட்டைகள் அக்கரை இறங்குதுறையில் நாட்கணக்கில் வெயில் குடித்துக் கிடந்தன. வந்து சேர்ந்தபோது பாதிக்கு மேல் பச்சை. நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க, சமைக்கும் அக்கா சிரித்தார்.

"ரீச்சர் கிழங்குக்கும் சோதினை வைக்கிறா. எத்தினை பாஸ்?"

"உதுகளைச் சமைக்க வேண்டாம் அக்கா" என்றேன். பிறகு பெரிய ரீச்சரிடம் திரும்பி, "தோல் சீவினாலும் முழுக்கப் போகாது, ரீச்சர்" என்றேன்.

அவர் மூட்டையைப் பார்த்தார். பிறகு வெறுமையாய்க் கிடந்த மரக்கறிக் கூடையைப் பார்த்தார்.

"சரி, பச்சையை ஒதுக்கச் சொல்லுறன். நீர் வகுப்புக்குப் போம்."

போனேன். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று நம்பிய காலம் அது.

பின்னேரம் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுக்கத் தொடங்கினார்கள். அலைக்குள் படகை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒருத்தி என் மடியில் சுருண்டு கிடந்தாள்; அவளுடைய வாயிலிருந்து வந்ததும் அதே மணம். நல்லகாலம், எல்லாரும் சுகமாகத் திரும்பினார்கள். கேள்வி மட்டும் திரும்பிப் போகவில்லை. அக்கரையிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரிக்கு முன்னால், தாய்தகப்பன்மார் சுற்றி நிற்க, பெரிய ரீச்சர் குரல் உயர்த்தாமல் சொன்னார்:

"விஞ்ஞான ரீச்சர்தான் கிழங்கைப் பார்த்தவ. சமைக்கலாம் எண்டு அவதான் சொன்னவ. எனக்கு உதுகளைப் பற்றி என்ன தெரியும்?"

என் காது எனக்கே பொய் சொல்வதுபோல் இருந்தது. "நான் வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்" என்று சமைக்கும் அக்காவைப் பார்த்தேன். அவர் அகப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த அகப்பையையே திரும்பவும் துடைத்தார். ஊரில் பிறந்த ரீச்சரின் சொல்லா, நேற்றுப் படகில் வந்தவளின் சொல்லா? அந்த முகங்களிலேயே தீர்ப்பு இருந்தது. பிள்ளைகளுக்கு நஞ்சு குடுத்தவள் என்ற பேரோடு எனக்கு இடமாற்றம் வந்தது.

கிழங்கின்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அது தன்னைக் காக்கக் கசக்கிறது. கசந்து, தொடாதே என்று நாக்கிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. பெரிய ரீச்சரின் வீட்டுச் சோறு கடைசி நாள்வரை ருசியாகவே இருந்தது. விசாரணை முடிந்த அன்றிரவும் எனக்குப் பிடிக்கும் என்று முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருந்தார். அவரே பரிமாறினார். அதைத்தான் இன்றுவரை என்னால் செமிக்க ஏலவில்லை.

பச்சைக் கிழங்கை எறிந்துவிட்டேன். கையைக் கழுவியும் மணம் போகவில்லை. தீவை விட்டு நான் புறப்பட்ட காலையிலும் வெயில் இப்படித்தான் இருந்தது. கடல் அடங்கியிருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் பெரிய ரீச்சர் என் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைவரை வந்தார். படகுக் கயிற்றை அவிழ்த்தார்கள். "உங்களுக்குத் தெரியும்தானே, ரீச்சர். பிறகேன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். பையை என் கையில் தந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்:

"நீர் எங்கை போனாலும் பிழைச்சுக்கொள்ளுவீர், பிள்ளை. நான் இந்தத் தீவை விட்டிட்டு எங்கை ஓடுறது?"