அண்ணனுக்குத் தெரியாத பச்சை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். பெண், என் தங்கை தனம். திண்டுக்கல்லில் பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். மாப்பிள்ளை தொப்பம்பட்டி பிளாக்கில் கிராமசேவக்; சர்க்கார் உத்தியோகம். சொந்த ஊர் கீரனூர்.

தனமும் அவள் தோழியும் சேர்ந்து காபி கொண்டு வந்தார்கள்.

"ஏனுங்க தம்பி, இதுல பொண்ணு யாருங்க?" மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் கேட்டார்.

"பச்சைச் சேலைம்மா."

தோழியைப் பார்த்து அவர் கனிவாகச் சிரித்தார். அந்தப் பெண் காபித் தட்டோடு உள்ளே ஓடிவிட்டாள். பச்சை அவளுடையதாம். தனம் கட்டியிருந்தது அரக்கு.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிறவியிலேயே குழம்பும். ரயில்வேக்காரர்கள் என்னை வேண்டாம் என்றது அதனால்தான். நல்லதுதான்... என்னை நம்பி யார் ரயில் ஏறுவது?

"தம்பி வேடிக்கை பண்ணுது" என்று தரகர் சமாளித்தார்.

தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். தனம் விடவில்லை.

"வேடிக்கை இல்லைங்க. அண்ணனுக்கு நிறம் தெரியாது. தாய்மாமாவுக்கும் தெரியாது. அம்மா வழியா வாரது. எங்கிட்டயும் இருக்கலாம்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"உனக்குத்தான் நல்லாத் தெரியுதே கண்ணு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இதைச் சுமந்துட்டு வாரது செல்லுக்குள்ள இருக்கிற ஒரு இழை. பொம்பளைக்கு அம்மா குடுத்தது ஒண்ணு, அப்பா குடுத்தது ஒண்ணுன்னு ரெண்டு இருக்கும். ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டுல ஒண்ணு வாயை மூடிக்கிரும். ஒரு செல்லுல அம்மாவோடது மூடிக்கிரும், பக்கத்துச் செல்லுலயே அப்பாவோடது. கண்ணுல பாதி ஒழுங்கா இருந்தாலே போதும், நிறம் தெரிஞ்சிரும். கொஞ்ச வருஷமாத்தான் இதைச் சொல்றாங்க. ஆம்பளைக்கு இருக்கிறதே ஒண்ணு. அது பழுதுன்னா அண்ணன் மாதிரிதான்."

"வாயை மூடிட்டா அதோட போச்சுங்களே?" இது மாப்பிள்ளையின் அப்பா.

"போகாதுங்க. எங்கிட்ட சும்மா இருந்துட்டு, எனக்குப் பொறக்கிற பையன்கிட்டப் பேசினாலும் பேசும். தெரிஞ்சே முடிவு பண்ணுங்க."

சம்பந்தம் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனாலும் என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது — இத்தனை வருஷம் நாங்கள் மூடி மறைத்ததை, பாடம் நடத்துகிற குரலில் சொல்லிவிட்டாளே என் தங்கை.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"எனக்கு இடது காது மந்தமுங்க. சின்ன வயசுல காய்ச்சல் வந்ததுல கேக்காமப் போச்சு. சொல்ல வேண்டாம்னு தரகர் சொல்லிட்டாருங்க."

தரகர் கூரையைப் பார்த்தார்.

"அது பிள்ளைகளுக்கு வராதுங்க, பயப்படாதீங்க" என்றாள் தனம்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். தட்டு மாற்ற நாள் குறித்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

அவர்கள் போனதும் தனத்துக்கு வசவு நிச்சயம் என்று காத்திருந்தேன். அம்மா திட்டவில்லை. என் கண்ணுக்காகப் பழனிக்கு எத்தனையோ முறை நேர்ந்துகொண்டவர் அவர்.

"அப்ப இது நான் செஞ்ச பாவம் இல்லையாடி?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லம்மா" என்றாள். அம்மா வெகு நேரம் அவள் கையை விடவில்லை.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். உண்மை பேசுவதைப் பதினொன்றாகச் சேர்த்துக்கொண்டால் ஜோசியர் கோபித்துக்கொள்வாரா என்ன?