எல்லாருக்கும் பத்துக்குப் பத்து

அலுவலகத்தில் அவனைத் தோழர் என்றே அழைத்தார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர்தான். நாளடைவில் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. வயது இருபத்தாறு. பெற்றோருடனும் அக்காளுடனும் நான்காம் மாடியில், இரண்டு அறைகள் கொண்ட வீட்டில் வசித்தான். அவனுக்கென்று தனி அறை கிடையாது. கூடத்தின் ஒரு மூலையில் புத்தக அலமாரியைக் குறுக்கே நிறுத்தித் தடுத்துக்கொண்ட இடத்தையே அறை என்று சொல்லிக்கொண்டான். கூடத்தைப் பார்த்திருந்த அலமாரியின் முதுகில், ரப்பர்த் தகட்டில் அவனே செதுக்கி அச்சடித்த சுவரொட்டிகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. புகைபோக்கிகளை அவன் அழகாகச் செதுக்குவான். கைகள்தாம் அவனுக்கு வருவதில்லை.

"இவங்க முஷ்டிய உயர்த்துறாங்களா, இல்ல குளிருதுன்னு கையுறை மாட்டியிருக்காங்களா?" என்று அக்காள் ஒருநாள் கேட்டாள்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அம்மாவுக்கோ சுவரொட்டிகளைவிட அவற்றின் பின்னால் சேர்ந்த தூசிதான் கவலை. உலகத்தைச் சுத்தம் செய்வதற்கு முன்னால் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை பெருக்கிவிடும்படி வாரம் தவறாமல் சொல்லிவந்தாள்.

காலைப் பேருந்தில், துறைமுகத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தங்களைப் பற்றி இரண்டு ஆய்வாளர்கள் மணிக்கணக்கில் உரையாடும் ஒலிப்பதிவுகளைக் காதில் மாட்டிக்கொள்வான். ஒருவர் கதவைத் திறந்து மூடுவதற்கே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் கறுப்பு வெள்ளைப் படங்களை விடுமுறை நாட்களில் பார்ப்பான். பாதியில் தூங்கிவிட்டாலும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கும் நேர்மை அவனிடம் இருந்தது. ஆனால் மாலை ஏழரை மணிக்கு, நகைக்கடைக் குடும்பம் ஒன்றின் சண்டைகளை விரிக்கும் தொலைக்காட்சித் தொடரை அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஆளும் வர்க்கத்தின் மனநிலையைப் புரிந்துகொள்ளவே அதைப் பார்ப்பதாகச் சொல்வான். இரண்டாவது மருமகளை வீட்டைவிட்டுத் துரத்திய அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பேருந்து ஓட்டுநரான அப்பாவுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் சதுரங்கம் ஆடுவான். ஒரு காலாளையும் பலிகொடுக்க மனம் வராமல் எல்லாவற்றையும் காப்பாற்ற முயன்று, ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்பான். "ராஜா போனா உனக்குக் கொண்டாட்டம்தானேடா, ஏன் மூஞ்சிய தூக்கிவச்சுக்கிற?" என்பார் அப்பா.

வீட்டு இயந்திரங்கள் பழுதானால் வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் அழைக்கும் சேவை நிலையம் ஒன்றில் அவனுக்கு வேலை. அவன் அழைப்புகளை ஏற்பவன் அல்லன். ஏற்றவர்கள் பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் இடுபவன். ஓர் அழைப்புக்குப் பத்துக் கேள்விகள். வணக்கம் சொல்லப்பட்டதா? வாடிக்கையாளரின் பெயர் இரண்டு முறையாவது சொல்லப்பட்டதா? குரலில் புன்னகை இருந்ததா? இப்படிப் பத்து. அவனுடைய பொறுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்: தொழிலாளியைத் தொழிலாளியே அளந்து பிரிக்கும் இந்த ஏற்பாட்டுக்குத் தன் கை உதவக் கூடாது. பதினான்கு பேருக்கும், எல்லா அழைப்புகளுக்கும், பத்துக்குப் பத்து.

மிதிவண்டிக் கடைக்கு மேலிருந்த அறையில் ஞாயிறுதோறும் கூடும் படிப்பு வட்டத்தில் இதை அவன் தாழ்ந்த குரலில் சொன்னபோது, அங்கிருந்த ஐவரும் கைதட்டினார்கள். படித்ததும் பேசியதும் தவிர அதுவரை ஒன்றுமே செய்திராத அவன், ஒன்றைச் செய்துவிட்டதாக உணர்ந்தது அன்றுதான்.

மதிப்பெண் மட்டும்தான் பொது. ஒலிப்பதிவுகளை அவன் கேட்காமல் விட்டதில்லை. அவற்றுள் ஒருவருடைய குரலுக்காகக் காத்திருக்கவும் தொடங்கினான். அவர் ஒன்பது வயது மகளைத் தனியே வளர்க்கும் பெண்மணி. எல்லாரும் அக்கா என்றே அழைத்தார்கள். மனைவியை இழந்த முதியவர் ஒருவர் துணி துவைக்கும் இயந்திரம் ஓடவில்லை என்று அழைத்திருந்தார். அதில் பழுதொன்றும் இல்லை, அவருக்கு இயக்கத் தெரியவில்லை என்பது இரண்டாம் நிமிடத்திலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொல்லிக்காட்டாமல், சோப்புத்தூளை எங்கே போடுவது, எந்தத் துணியை எதனோடு சேர்க்கக் கூடாது என்று, தாமும் அப்போதுதான் கற்றுக்கொள்பவரைப் போல இருபத்திரண்டு நிமிடம் பேசினார். அந்தப் பதிவை அவன் இரண்டு முறை கேட்டான். தான் கேட்ட எந்த வானொலி நாடகமும் அதற்கு ஈடில்லை என்று அம்மாவிடம் சொன்னான்.

அக்காவுக்கு அந்த அரையாண்டு மதிப்பெண் முக்கியமானது. ஒப்பந்தத்தில் இருந்த அவரை நிரந்தரமாக்கப் பரிசீலிக்கும் பட்டியலில் பெயர் வந்திருந்தது. நிரந்தரமானால் நிலையான பகல்வேலை கிடைக்கும்; மாறிமாறி வரும் மாலைவேலை இராது. மாலைவேலை நாட்களில் பள்ளியிலிருந்து திரும்பும் மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, எதிர்வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து ஏற்பாடு செய்திருந்தார். எதிர்வீட்டுக்காரர் அடுத்த மாதம் வீடு மாறுகிறார்.

இறுதிப் பட்டியல் வெளிவந்தபோது அதில் அக்காவின் பெயர் இல்லை.

காரணம் மறுநாள் தெரிந்தது. ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் இட்ட மதிப்பெண்களில் ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்று தலைமை அலுவலகம் சோதித்திருக்கிறது. ஏற்றத்தாழ்வே இல்லாத ஒரே ஆள் தோழர். ஆகவே, ஆறு மாதங்களாக அவன் இட்டவை எல்லாம் செல்லாதவை ஆயின. அவற்றுக்குப் பதிலாக, ஆளுக்கு ஐந்து அழைப்புகளைக் கணினியே கேட்டு மதிப்பிட்டது. மற்றப் பதின்மூவருக்கும் அதனால் நட்டமில்லை. அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள். அக்காவின் அழைப்புகளோ நீளமானவை. கணினி நீளத்தை மட்டும் பார்த்தது. கிடைத்தது ஐந்தரை.

மேலாளரின் அறைக்கு அவன் ஓடினான். மேலாளர் கெட்டவர் அல்லர். அமரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தவறு தன்னுடையது, அக்காவுடையது அன்று என்றான். எல்லாவற்றையும் மீண்டும் கேட்டு உள்ளபடி மதிப்பிட்டுத் தருவதாக அவன் மன்றாடினான். ஒரு பதிவையாவது, அந்த முதியவருடையதையாவது, கேட்டுப் பார்க்கும்படி வேண்டினான்.

"தோழர், பதினாலு பேருக்கும் பத்து போட்டது நீங்கதானே?" என்று மேலாளர் கேட்டார். "அதுல அந்தம்மாவோட பத்து மட்டும் நிஜம்னு நான் எப்படி மேல போய்ச் சொல்றது?"

அவன் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிப் பார்த்தான். அதற்கு அவசியமில்லை என்று மேலாளர் கனிவாகச் சொல்லி, அரைநாள் பயிற்சி ஒன்றுக்கு அவன் பெயரை எழுதிக்கொண்டார். தண்டனைகூடக் கிடைக்காமல் அவன் வெளியே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் முறையிட்டான். ஆய்வு மாணவர் ஒருவர், இது தனிமனிதரின் தவறு அன்று, அமைப்பின் இயல்பு என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். கணினி மதிப்பீட்டைக் கண்டித்து அறிக்கை எழுதலாம் என்றார் புத்தகக் கடைக்காரர் ஒருவர். அதை யார் எழுதுவது என்பது பற்றி நெடுநேரம் பேச்சு நடந்தது. அவர்கள் சொன்ன எதிலும் அவனுக்கு மாறுபாடு இல்லை. அதுதான் அவனை மிகவும் வருத்தியது. மூலையில் காலணியைக் கழற்றிவிட்டுக் காலை நீவிக்கொண்டிருந்த செவிலி ஒருத்தி மட்டும், "அந்தம்மாகிட்ட யாராவது போய்ப் பேசினீங்களா?" என்று கேட்டாள். யாரும் பேசியிருக்கவில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில், தேநீர் இயந்திரத்தின் அருகே அக்காவைக் கண்டான். நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அவர் கோப்பையை ஊதிக்கொண்டே கேட்டார்.

"எல்லாருக்கும் பத்துன்னு இந்தத் தளத்துக்கே தெரியும் தம்பி. மொதல்ல எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் பேசினதை எல்லாம் கேட்டீங்களா, கேக்காமலே போட்டீங்களா?"

"ஒண்ணு விடாம கேட்டேன்க்கா."

"அப்போ நிஜமா எத்தனை போட்டிருப்பீங்க?"

அவன் பொய் சொல்ல விரும்பவில்லை. "ஒன்பதரை."

"அரை எதுக்குப் போச்சு?"

"முடிக்கும்போது புது மாடல் பத்தி ஒரு வரி சொல்லணும். நீங்க ஒருநாளும் சொன்னதில்ல."

"கடைசில அதைச் சொன்னா, அதுவரைக்கும் பேசினது எல்லாம் அதுக்காகத்தான்னு ஆயிடும்ல?" அக்கா சற்றுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "ஒன்பதரையே போதும் தம்பி. ஒன்பதரை போட்டிருந்தா போதும்."

அவருடைய இடைவேளை முடிந்திருந்தது. அடுத்த பட்டியல் ஆறு மாதம் கழித்துத்தான் என்றும், அதுவரை மகளைப் பார்த்துக்கொள்ள வேறொரு வீடு தேடவேண்டும் என்றும் சொல்லிவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பயிற்சி முடிந்து அவன் இருக்கைக்குத் திரும்பியபோது திரையில் புதிய விதி காத்திருந்தது. ஒன்பதுக்கு மேல் பெறுபவர்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆறுக்குக் கீழ் சிலராவது இருக்க வேண்டும். இல்லையேல் மதிப்பீடு மறுபடியும் செல்லாது. அக்காவின் ஒன்பதரை இனி நம்பப்படவேண்டுமானால், வேறு யாருக்காவது ஐந்து விழுந்தாகவேண்டும்.

அன்றைய முதல் பதிவு, போன மாதம் சேர்ந்த ஓர் இளம்பெண்ணுடையது. குளிர்சாதனப் பெட்டியில் விளக்கு எரியவில்லை என்ற சாதாரண அழைப்பு. வணக்கம் சொன்னாள். பெயரை இரண்டு முறை சொன்னாள். தெரியாததைக் கேட்டு வந்து சொன்னாள். புது மாடலைப் பற்றிய வரியையும், மனப்பாடம் செய்த பாடத்தைப் போல, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவன் மறுபடியும் கேட்டான். குறையொன்றும் அகப்படவில்லை. நான்காம் நிமிடத்தில் அவள் ஒருமுறை இருமியது காதில் விழுந்தது. பதிவை அந்த இடத்துக்கு இழுத்து, ஒலியைக் கூட்டி, மூன்றாம் முறையாகக் கேட்கத் தொடங்கினான்.