‘எப்பா’ என்றால் வேண்டாம்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முந்திய ஆடி அமாவாசையன்று, கல்கிசைக் கடற்கரையில். எங்கள் வீடு வெள்ளவத்தையில். ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளம், அதைக் கடந்தால் கடல். அப்படி இருந்தும் அன்றைக்கு ரயில் ஏறிக் கல்கிசைக்குப் போனோம். போவோம் என்று சொன்னவன் நான்தான்.

என் தம்பி மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். பதினேழு வருடத்துக்குப் பிறகு வந்தவன். அங்கே பள்ளிக்கூட விடுமுறை வருவது ஆடி மாதத்தில். இங்கே எங்கள் பக்கத்துக் கடல் குழம்பிக் கிடப்பதும் அதே மாதத்தில்தான். அப்பா கொரோனாக் காலத்தில் காலமானபோது தம்பியால் வர முடியவில்லை. செத்த வீட்டைப் போனில் பார்த்து அழுதான். அப்பாவுக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும் தன் கையால் விடவில்லையே என்ற குறை அவனைத் தின்றுகொண்டிருந்தது. ஆடி அமாவாசை வருகிற மாதிரிப் பார்த்துத்தான் டிக்கெட் போட்டிருந்தான்.

விடியற்காலையில் எங்கள் ஒழுங்கை முடிவிலேயே ஐயர் தர்ப்பணம் செய்வித்தார். நிறையச் சனம். பாறைகளில் அலை அடித்து ஆள் உயரத்துக்கு எழும்பியது. “கடல் சரியில்லை. ஒருத்தரும் இறங்காதேங்கோ. தண்ணியை அள்ளித் தலையில தெளியுங்கோ, காணும்” என்றார் ஐயர். எல்லோரும் தெளித்தார்கள். தம்பியும் தெளித்தான்.

எனக்கு அது போதும் என்று படவில்லை. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கோயில், விரதம், கடமை, இவைதான் எனக்குத் தெரிந்த படிப்பு. இவ்வளவு தூரம் வந்தவன் நாலு துளி தெளித்துவிட்டுப் போனால் அப்பாவுக்கு மனம் ஆறுமா என்று நினைத்தேன். “கல்கிசையில மணல் இருக்கு. அங்க போய் நீயும் நானும் மூண்டு முழுக்குப் போடுவம். பிள்ளையள் விளையாடட்டும். அங்கயே எல்லாரும் சாப்பிடுவம்” என்று தம்பியிடம் சொன்னேன். அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் அக்காவும் வந்திருந்தா. அக்காவும் என் மனைவியும் சமைத்ததையெல்லாம் கரியரில் கட்டிக்கொண்டு ரயில் ஏறினோம். பத்து நிமிடப் பயணம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அது திருவிழா. ஒரு பக்கம் கடல், கதவெல்லாம் திறந்து கிடக்கிறது. தம்பி வேட்டியைப் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தான். அக்கா விடுவாவா?

“என்னடா இது, கனடாக் கோவணமோ?”

“அவிண்டு விழுந்தா நீதானே அக்கா சிரிப்பாய்!”

“நான் சிரிக்க மாட்டன். போட்டோ எடுப்பன்.”

அமாவாசைச் சாப்பாட்டில் காத்தோட்டிக்காய் கட்டாயம். அது சரியான கைப்பு. அப்பப்பாவுக்குப் படைக்கிறது என்று அக்கா சொன்னதும் தம்பியின் எட்டு வயது மகள் கேட்டாள்: “அப்பப்பாவுக்கு சொக்லேட் வைக்கேலாதோ?” பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். தம்பி சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அங்கேதான்.

கல்கிசையில் குளிக்கிற இடத்தில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அது உல்லாசமாகக் குளிக்க வருகிறவர்களுக்கு என்று நினைத்தேன். நாங்கள் பிதிர்க்கடன் செய்ய வந்தவர்கள், எங்களைக் கடல் ஒன்றும் செய்யாது என்று என் மனதில் ஒரு நிச்சயம். வேடிக்கை பார்க்கச் சனம் இல்லாத இடமாக இருக்கட்டும் என்று கொடியைத் தாண்டி, தோணிகள் ஏற்றி வைத்திருக்கும் பக்கமாக எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் தாழை மரத்து நிழலில் பாய் விரித்தார்கள். தம்பியும் நானும் முழங்கால் தண்ணீரில் இறங்கினோம்.

அப்போதுதான் ஒரு தோணிக்குப் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த சிங்களவர் ஒருவர் எழும்பிக் கத்தினார். அறுபது வயது மதிக்கலாம், மீன்பிடிக்கிறவர்.

“எப்பா! எப்பா! பஹின்ட எப்பா!”

இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கத்தினார். தம்பிக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“என்னண்ணா, அவரும் அப்பா அப்பா எண்டு கூப்பிடுறார்?”

பாயில் இருந்த மகளுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறது. அவளும் கையை ஆட்டி “அப்பா! அப்பா!” என்று கூவினாள்.

நான் புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் இருபத்தெட்டு வருடமாக நிற்கிறேன். நாள் முழுக்கச் சிங்களம்தான். எப்பா என்றால் வேண்டாம், பஹின்ட எப்பா என்றால் இறங்க வேண்டாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சிங்களத்தில் யாராவது உரத்துக் கத்தினால் என் வயிறு முதலில் கேட்கும், காது பிறகுதான் கேட்கும். சண்டைக் காலத்துச் சோதனைச் சாவடிகளில் நின்று நின்று பழகிய வயிறு அது. நெற்றியில் திருநீறோடு நிற்கிற எங்களைப் பார்த்து விரட்டுகிறார் என்றுதான் எடுத்தேன். பயத்தோடு ரோஷமும் வந்தது.

“எங்களை இஞ்ச நிக்க வேண்டாமாம். கடல் என்ன அவற்ற சொத்தோ? நீ வா” என்றேன்.

தம்பி ஒரு கணம் தயங்கினான். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

முதல் முழுக்கு. இரண்டாவது முழுக்கு. “அப்பாவை நினைச்சுக்கொண்டு கண்ணை மூடு” என்றும் நான்தான் சொன்னேன். மூன்றாவது முழுக்கில் காலுக்குக் கீழே இருந்த மணல் அப்படியே உருவிக்கொண்டு போனது. ஒரு அலை என்னைத் தூக்கிக் கரைப்பக்கம் எறிந்தது. வாயெல்லாம் மணலோடு எழும்பிப் பார்க்கிறேன், பக்கத்தில் தம்பி இல்லை. தலை தூரத்தில் தெரிந்தது. ஒரு கை தெரிந்தது. அதுவும் போய்விட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. “முருகா, முருகா” என்று தண்ணீர் விளிம்பில் ஓடினேன்.

அந்த மனிதர் அதற்குள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாய்ந்துவிட்டார். கயிற்றின் மறுநுனியை இன்னும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இழுத்துக்கொண்டு வந்து போட்டபோது தம்பியின் வேட்டி இரண்டு காலையும் கயிறு மாதிரிச் சுற்றியிருந்தது. வாயில் நுரை. அவர் தம்பியின் நெஞ்சை அழுத்தினார், திரும்பத் திரும்ப அழுத்தினார். த்ரீவீலில் அவனுடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவரும் வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். என் இருபத்தெட்டு வருடச் சிங்களத்தில் ஒரு சொல் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் அவரே சொன்னார்.

பின்னேரம் நான்கு மணிக்குத் தம்பி போய்விட்டான்.

பொரளையில் தகனம் செய்தோம். கொள்ளி வைத்தவன் அவனுடைய பன்னிரண்டு வயது மகன். இந்த நாட்டுக்கு அந்தப் பிள்ளை முதல் தரம் வந்திருந்தான். அந்த மனிதர் கத்தியது என்ன என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சனம் வந்து, “பிதிர்க்கடன் செய்யப்போன இடத்தில இப்பிடி நடந்திட்டுதே, கடவுளுக்குக் கண் இல்லையோ” என்று அழுதது. நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன்.

எட்டாம் நாள் கிரியை முடிந்த கையோடு அந்த மனிதர் வந்தார். அன்றைக்கு எங்களை ஏற்றிய த்ரீவீல்காரர் வழி காட்டியிருக்கிறார். வெள்ளைச் சேட்டு, வெள்ளைச் சாரம், கையில் ஒரு பை சீனியும் பிஸ்கட்டும். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்து, மெதுவாக, கையால் காட்டிக் காட்டிச் சிங்களத்தில் கதைத்தார்.

தான் கத்தினது எங்களுக்கு விளங்கவில்லை என்று அப்போதே யோசித்தாராம். கையைக் காட்டினால் விளங்கும் என்று நினைத்துவிட்டாராம். உடனே ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டுமாம், அது தன்னுடைய பிழையாம். எட்டு நாளாக நித்திரை இல்லையாம். “மல்லி, எப்பாவுக்குத் தமிழில் என்ன சொல்லுவது? அந்த ஒரு சொல் தெரிந்திருந்தால் உங்கள் தம்பி இருந்திருப்பார். சொல்லித் தாருங்கள், இனி யாராவது வந்தால் கத்த வேண்டும்” என்றார்.

மல்லி என்றால் தம்பி.

உள்ளே இருந்து தம்பியின் மனைவி வந்து கதவு நிலையில் நின்றா. “என்ன சொல்லுறார் அத்தான்?” என்று கேட்டா.

அந்தக் கேள்விக்கு நான் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார், ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். சுவரில் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் தம்பியின் படம் விளக்கோடு இருந்தது. நான் முதலில் அவரை ‘அய்யே’, அண்ணா, என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னேன்: “எனக்குச் சிங்களம் தெரியும். நீங்கள் சொன்னது எனக்கு விளங்கியது.” பிறகு தம்பியின் மனைவிக்குத் தமிழில் சொன்னேன், ஒன்றும் விடாமல். அவர் இறங்க வேண்டாம் என்றதையும், நான் அதைத் தம்பிக்கு எப்படிச் சொன்னேன் என்பதையும்.

அந்த மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எஹெனம் ஏய்?” என்றார். அப்படியென்றால் ஏன், என்று கேட்கிறார்.

தம்பியின் மனைவி, “அவர் உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டுதானே இறங்கினவர்” என்று மட்டும் சொன்னா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. கனடாவுக்குத் திரும்பும்வரை என்னோடு கதைக்கவில்லை. இன்றுவரை இல்லை. அதற்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த மனிதர் அக்கா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். போகும்போது வாசலில் நின்று, எப்பாவுக்குத் தமிழில் என்ன என்று திரும்பவும் கேட்டார். பக்கத்தில் நின்ற தம்பியின் மகளுக்கு அக்கா கேள்வியை விளக்கினா. அந்தப் பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்து, “வேண்டாம்” என்று சொல்லிக் கொடுத்தாள். “வேண்டாங்” என்று அவர் சொன்னார். “இல்லை, வேண்டாம்” என்று அவள் திருத்தினாள். அவர் அதைச் சொல்லிச் சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.

அந்த இரண்டு பிள்ளைகளும் இனி வருடா வருடம் ஆடி அமாவாசைக்குத் தங்கள் அப்பாவுக்கும் எள்ளும் தண்ணீரும் விடவேண்டும். நான் இப்போதும் கோயிலுக்குப் போகிறேன், விரதம் பிடிக்கிறேன். ஆனால் கடவுளுக்குக் கண் இல்லையோ என்று யாராவது என் முன்னால் சொன்னால் இப்போது பேசாமல் இருப்பதில்லை. முருகன் அன்றைக்கு ஆள் அனுப்பத்தான் செய்தான், அந்த ஆள் தொண்டை கிழியக் கத்தத்தான் செய்தார், வந்த பாஷையைப் பார்த்துச் சொன்ன சொல்லைத் தள்ளிவிட்டவன் நான்தான் என்று சொல்லிவிடுகிறேன்.