ஸ்ரெலா அக்காவும் இடையில் நின்ற புரோகிராமும்

சனிக்கிழமை காலை மல்லாவிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். எங்கள் லொறிச் சாரதியின் தம்பி சைக்கிளில் வந்தார். "அண்ணை, ஸ்ரெலா அக்கா தவறிட்டா. விடியப்புறம் தொய்வு வந்து மூச்சு இழுத்ததாம்." வாங்கிய கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். மருந்துக் களஞ்சியத்தில் அவருடன் வேலை செய்த உங்களுக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல? எனக்கே ஆறவில்லை.

முள்ளிவாய்க்கால் கடற்கரைப் பெண். வாய் சும்மா இராது. எங்கள் கணினியிலிருந்த பழைய இருப்புப் புரோகிராம் ஒரு நேரத்தில் ஒரு கிளினிக்கின் ஒரு மருந்தைத்தான் காட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் நாம் விசை தட்ட வேண்டும். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் கிடைப்பதோ அருமை. வவுனியாவிலிருந்து ஒரு வைத்தியர் கொண்டுவந்த டிஸ்க்கில் பைத்தன் என்ற கணினி மொழி இருந்தது. அதில் அக்கா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். அது பழைய புரோகிராமைத் தானே தொடக்கி, கேட்பதற்கெல்லாம் தானே பதில் கொடுத்து, வருவதையெல்லாம் சேர்த்து ஒரே மருந்துக் கோரிக்கையாக்கித் தந்தது. "இந்தப் பழையவரை எழுப்பிவிட்டா மட்டும் காணாது அண்ணை. என்ன கேக்கிறாரெண்டு பாத்து மறுமொழி குடுக்கவேணும். இல்லாட்டி எங்கட மாமா மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்திடுவார்" என்பார்.

போன மாதம் வவுனியாவுக்கு லொறி புறப்பட்ட நாளை மறக்க மாட்டீர்கள். கோரிக்கை அதில் போகாவிட்டால் மருந்து இல்லை. அன்று பார்த்து ஸ்கிரிப்ட் பாதியில் நின்றது. வெளியே சாரதி ஹோர்ன் அடிக்கிறார். எனக்கு விசர் வந்துவிட்டது. "நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போடுங்கோ!" என்று கத்தினேன்.

"சும்மா கத்தாதேங்கோ. நாங்கள் அவர் முடிக்குமட்டும் பாத்துக்கொண்டிருக்கிறம். அவர் எங்கட பதிலைப் பாத்துக்கொண்டிருக்கிறார்" என்றார் அக்கா.

பழைய புரோகிராமைக் கையாலேயே திறந்து அந்த இடத்துக்குப் போனார். இருப்பு பூச்சியமானால் மட்டும், மேலே போகலாமா என்று அது கேட்குமாம். கடைசிப் பெட்டியைக் கைகாவலுக்கு வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம் அல்லவா? அதனால் அந்தக் கேள்வியை நாங்கள் கண்டதே இல்லை. இம்முறை ஒரு மாத்திரையில் அந்தப் பெட்டியையும் கொடுத்துவிட்டோம். தொய்வுக் குளிசை.

அக்கா திரையைப் பார்த்துச் சிரித்தார். "பாருங்கோவன், எனக்கு இழுக்க முதல் இதுக்கு இழுக்குது." அந்தக் கேள்விக்கும் ஸ்கிரிப்டில் பதில் எழுதினார். கோரிக்கை லொறியில் போனது.

ஜெயபுரம் கிளினிக்கில் கொஞ்சக் குளிசை இருந்தது. அவருடைய தொய்வுக்கு எடுப்பித்துத் தருகிறேன் என்றேன். "அங்கையும் மூச்சு விடுற ஆக்கள்தானே இருக்கினம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

இராணுவ அனுமதி கிடைக்காமல் லொறி வவுனியாவிலேயே கிடந்தது. அக்காவை அடக்கம் செய்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஸ்கிரிப்ட் மட்டும். நேற்று, வந்த பெட்டிகளைப் பதிந்துவிட்டு அதை ஓட்டினேன். எங்கும் நிற்காமல் ஓடி முடிந்தது. மல்லாவி, தொய்வுக் குளிசை, போதிய இருப்பு என்று காட்டியது. அவரின் கதிரையிலேயே இருந்து அழுதேன்.