இருபது எண்ணு, பிறகு திற

பல்லக்காவுக்குக் கோபம் வந்தால் வீட்டில் சத்தமே இருக்காது. பாத்திரம் உருளாது, கதவு அறைபடாது. பதினெட்டு வருடமாக அவளோடு ஒரே வேலைக்கூடத்தில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவர்களுக்கு, அவள் வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்றுதான் எண்ணம். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் ஒரு கோபத்தை முப்பத்திரண்டு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தது அவள் புருஷனுக்கே பாதிதான் தெரியும்.

அவள் வேலை அப்படிப்பட்டது. பல் மருத்துவர்கள் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரைக் கலந்து ஊற்றி, காற்றுக் குமிழி போகத் தட்டித் தட்டி, காயவிட்டு, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நடவேண்டும். ஒரு பல் மயிரிழை தூக்கலாக நின்றாலும் போட்டுக்கொள்கிற ஆளுக்குத் தலைவலி. அவசரப்பட்டுச் செய்த பல் வாயில் இருக்காது, தம்ளரில்தான் கிடக்கும் என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்வாள். அண்ணனுக்கு முன்பல் இரண்டு விழுந்தபோதுகூட அதைச் செய்துகொடுத்தவள் இவள்தான். இலவசமாக. அந்தப் பல்லைக் காட்டித்தான் அவர் இன்றைக்கும் ஊரெல்லாம் சிரிக்கிறார்.

கதை அந்த அண்ணனைப் பற்றியதுதான். இவளுக்குப் பதினாலு வயது, அவருக்குப் பதினேழு. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அது அண்ணன் படிப்புக்கு, தங்கை தொடக்கூடாது. தொட்டால் கெட்டுப்போகும் என்று அப்பா சொன்னார், தொட்டால் கை இருக்காது என்று அண்ணன் சொன்னார். அதில் ‘கலங்கரைத் தீவு’ என்று ஒரு விளையாட்டு இருந்தது. சுடுவது, குதிப்பது ஒன்றும் கிடையாது. ஒரு தீவில் அறை அறையாகப் போய், கிடைத்ததைப் பொறுக்கி, எதை எதோடு சேர்த்தால் எந்தக் கதவு திறக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். அண்ணனும் அவர் நண்பர்களும் மூன்றாவது அறையோடு கைகழுவிவிட்டார்கள்.

அண்ணன் டியூஷனுக்கு மாலை மூன்றரைக்குப் போய் ஐந்தரைக்கு வருவார். அந்த இரண்டு மணி நேரம் தங்கையுடையது. நாலு மாதம் ஆடினாள். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒவ்வொரு அறையையும் வரைந்தாள், ஒவ்வொரு வழியையும் எண் போட்டு எழுதினாள். தீவின் பாலத்தைத் தாண்டிவிட்டால் ஆட்டத்தைப் பாதியில் சேமித்து வைக்க முடியாது. தப்பு செய்தால் மறுபடி பாலத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்படியும் போய், கலங்கரை விளக்கத்தின் உச்சியில் இருந்த இரும்புப் பெட்டியைக் கண்டுபிடித்தாள். திறந்தாள். அவ்வளவுதான், கம்ப்யூட்டர் எக்காளம் ஊத ஆரம்பித்தது. சத்தத்தைக் குறைக்க ஒரு திருகுகூட இல்லாத கம்ப்யூட்டர் அது. தெருமுனைவரை கேட்கும். பயத்தில் சுவிட்சையே அணைத்துவிட்டாள். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை.

மறுநாள் நோட்டில் அறுபத்து மூன்றாவது குறிப்பை எழுதினாள்: ‘இருபது எண்ணு, பிறகு திற.’ எண்ணும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டும். வாசலில் அண்ணன் சைக்கிள் நிறுத்தும் சத்தம் இல்லையென்றால் திறக்கலாம். விளையாட்டுக்கும் இருபதுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது அவள் முதுகுக்காக எழுதிய குறிப்பு.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்பார்களே, அதேதான் நடந்தது. அன்றைக்கு ஆசை தாங்காமல் பன்னிரண்டு எண்ணியதுமே திறந்துவிட்டாள். எக்காளம் முழங்கியபோது அண்ணன் அறை வாசலில் நின்றார். டியூஷன் சீக்கிரம் விட்டிருந்தது. பின்னலைப் பிடித்து நாற்காலியிலிருந்து இழுத்துப் போட்டார். கன்னத்தில் ஐந்து விரல். பிறகு நோட்டைப் பார்த்தார், புரட்டினார், எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளே கம்ப்யூட்டருக்கு ரகசியச் சொல் வந்தது. அடுத்த வாரம் நண்பர்கள் வீட்டுக்கு வந்து, நாங்கள் மூன்று அறை தாண்டவில்லை, நீ முழுத் தீவையும் முடித்துவிட்டாயே என்று அண்ணனைத் தோளில் தட்டினார்கள். தங்கைதான் அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் அவளைப் பார்க்கவே இல்லை.

அதெல்லாம் சின்ன வயதுச் சண்டை என்று யாரும் சொல்லலாம். அவளும் அப்படித்தான் மனதை ஆற்றிவைத்திருந்தாள். போன வருடம் வேலைக்கூடத்துக்குப் பல்லை அளக்கும் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பழகிக்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் சும்மா ‘கலங்கரைத் தீவு’ என்று தேடிப் பார்த்தாள். பழைய சாகச விளையாட்டுப் பிரியர்கள் என்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. நாலாயிரம் பேர். முதல் பக்கத்திலேயே அவளுடைய நோட்டு, போட்டோவாக. பாலத்துக்குப் பக்கத்தில் மை சிந்திய இடம்கூட அப்படியே இருந்தது. கீழே, ‘பதினேழு வயதில் நான் தனியாளாக வரைந்தது’ என்று எழுதியிருந்தவரின் பட்டப்பெயர் வழிகாட்டி. பக்கத்தில் இருந்த சிறிய படத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார், இவள் செய்த பல்லைக் காட்டி.

அன்றைக்கு அவள் மெழுகைக் கருக்கிவிட்டாள். பதினெட்டு வருடத்தில் முதல்முறை.

அன்றே குழுவில் சேர்ந்தாள். பட்டப்பெயர் கேட்டார்கள், ‘கடைவாய்ப்பல்’ என்று கொடுத்தாள். அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அரைக்கிற வேலையெல்லாம் அதனுடையது. உடனே போய், இது என் நோட்டு என்று கத்தியிருக்கலாம். யார் நம்புவார்கள்? நோட்டு அவர் கையில், பேர் அவர் பேரில். நேற்று வந்தவள் பொறாமையில் உளறுகிறாள் என்று வெளியே தள்ளியிருப்பார்கள். பிளாஸ்டர் இறுகுமுன் அச்சைப் பிரித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா?

ஆகவே பத்து மாதம் பொறுத்தாள். பழைய விளையாட்டைப் புது மெஷினில் ஓடவைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டாள். மற்றவர்கள் திணறிய புதிர்களுக்கு வழி சொன்னாள். குழுவை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற அஞ்சல்காரர், பட்டப்பெயர் ஃப்ளாப்பி ஐயா. விலாசம் பார்த்துக் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவருக்கே உரிய நிதானம் உள்ள மனிதர். ஆறு மாதத்தில் அவரே, கடைவாயைக் கேளுங்கள், கடைவாய்க்குத் தெரியும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். வழிகாட்டியும் இரண்டு முறை இவளைப் பாராட்டினார். ஒருமுறை, உங்களுக்கு நல்ல கூர்மை, தம்பி என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரி பயந்துபோனாள்.

அந்தக் குழுவில்தான் அவள் இன்னொன்றையும் பார்த்தாள். இருபது எண்ணுவதை அவர்கள் ஒரு சடங்காகவே ஆக்கிவைத்திருந்தார்கள். பெட்டிவரை வந்த யாரும் எண்ணாமல் திறந்ததில்லை. பாலம் தாண்டிய ஆட்டத்தைப் பணயம் வைத்துச் சோதித்துப் பார்க்க எவனுக்குத் துணிச்சல் வரும்? ஒருவர் கைக்கடிகாரம் வைத்து எண்ணுவாராம். வேறொருவர், அவசரம் இல்லாத மனம்தான் திறவுகோல் என்று ஆறு பக்கக் கட்டுரை எழுதியிருந்தார். அவள் ஆட்டத்தைப் பெட்டிவரை ஆடுவாள், அதோடு நிறுத்திவிடுவாள். அதற்கப்பால் நோட்டில் ஏழு குறிப்பு இருந்தது, வேறு கையெழுத்தில். அவற்றை அவள் படிக்கவில்லை.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. ஒரு சின்ன நிறுவனம் கலங்கரைத் தீவை மறுபடி வெளியிடப் போகிறது. கூடவே ஒரு கையேடு. அதில் அந்த வரைபடம், வரைந்தவர் பேரோடு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எல்லோரும் வீடியோவில் கூடி வழிகாட்டிக்குப் பாராட்டு நடத்துவார்கள். பேர் அச்சேறிவிட்டால் பிறகு ஆண்டவனே வந்தாலும் அழிக்க முடியாது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிவிட்டுப் பழகியவர், வீட்டிலும் அதையே செய்யப் பார்த்தார். கூடப் பிறந்தவராயிற்றே, தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடேன் என்றார்.

“தனியா கேட்டா தனியாவே முழுங்கிடுவாரு,” என்றாள் அவள். “அவரு பேரு எடுத்தது நாலு பேரு முன்னாடி. கொடுக்கறதும் அப்படியே கொடுக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். காலையிலிருந்து ஆடி ஆளாளுக்குப் பெட்டிவரை வந்து காத்திருந்தார்கள். பல்லக்காவும் வந்திருந்தாள், தன் முகத்தைக் காட்டாமல். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், பக்கத்தில் அண்ணியோடு உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் பேசினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு திறமை வேண்டும், அவருக்கு இருந்தது. எல்லோரும் சேர்ந்து இருபது எண்ணத் தயாரானபோது, கடைவாய்ப்பல்லுக்கு ஒரு கேள்வி இருக்கிறதாம் என்றார் ஃப்ளாப்பி ஐயா.

எதற்காக இருபது எண்ண வேண்டும் என்று கேட்டாள். தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போல இருந்தது. அண்ணன் அதைக் கண்டுகொள்ளவில்லை. நாலாயிரம் பேருக்குப் பதில் சொல்லிப் பழகியவர் ஆயிற்றே.

“உள்ளுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. இருபதுக்கு முன்னாடி தொட்டா பெட்டி பூட்டிக்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு,” என்றார் அவர்.

“அப்போ எல்லாரும் இப்பவே திறங்க. எண்ணாம. பூட்டிக்கிச்சுன்னா நான் குழுவை விட்டே போயிடறேன்.”

முதலில் திறந்தவர் ஃப்ளாப்பி ஐயாதான். அவர் வீட்டிலிருந்து எக்காளம் கிளம்பியது. அப்புறம் இன்னொரு வீடு, இன்னொரு வீடு, கடைசியில் முந்நூறு வீட்டிலும் ஒரே முழக்கம். ஒருவருக்கும் பெட்டி பூட்டிக்கொள்ளவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, பல்லக்கா தன் முகத்தைத் திரையில் காட்டினாள்.

“நீயா?” என்றார் அண்ணன்.

“நான்தான். இருபது எண்ணினது உங்க சைக்கிள் வருதான்னு கேக்கறதுக்கு. வந்தா எனக்கு அடி விழும்.” பிறகு மற்றவர்களிடம் பேசினாள். “அறுபத்து மூணாவது குறிப்புக்கு அப்புறம் எழுத்து மாறுதே, யாரும் கேக்கலையா? அன்னிக்குத்தான் நோட்டைப் பிடுங்கினாரு.”

முந்நூறு பேரும் நோட்டின் போட்டோவைத் தேடிப்போனார்கள். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்ன வயசுல நடந்ததுக்குப் போய் இப்படியா, வீட்டு விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம் என்றார். அந்த வார்த்தையிலேயே பாதி ஒப்புதல் வந்துவிட்டது. ஃப்ளாப்பி ஐயா விடவில்லை. அப்படியென்றால் நோட்டு யாருடையது என்று, மேல்விலாசம் சரிபார்க்கிற குரலில் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி நோட்டின் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

“இது அவ எழுத்துதான். பல் செட் டப்பா மேல உங்க பேரை இப்படித்தான் எழுதி அனுப்பினா,” என்றாள்.

திரையில் அண்ணனின் கட்டம் இருண்டது. கையேட்டில் போட வேண்டிய பேரை எழுத்துப் பிசகாமல் எழுதி அனுப்பும்படி ஃப்ளாப்பி ஐயா பல்லக்காவைக் கேட்டுக்கொண்டார். அவள் எழுதி அனுப்பினாள். இரண்டு தடவை அடித்து எழுதினாள். இனித்தது, பொய் சொல்வானேன். பத்து மாதமாக நினைத்துப் பார்த்ததைவிடக் கூடவே இனித்தது.

கூட்டம் கலைந்த ஐந்தாவது நிமிடம் போன் அடித்தது. அண்ணன். எடு என்பதுபோல் லிஃப்ட்காரர் கையைக் காட்டினார். திரையில் அவள் ஆட்டம் இன்னும் பெட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தது. முந்நூறு பேரும் திறந்தபோது அவள் மட்டும் திறக்கவில்லை. ஸ்பீக்கரின் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். போனை எடுத்து ஸ்பீக்கர் முன்னால் வைத்தாள். எண்ணாமல் திறந்தாள்.

எக்காளம் வீட்டை அதிரவைத்தது. பெட்டிக்குள் ஒரு விளக்குத் திரி இருந்தது. இதைப் பார்க்கத்தானா என்று ஒரு கணம் அவளுக்கு அழுகை வந்தது. முழக்கம் முடிந்ததும் போனைக் காதில் வைத்தாள். அண்ணன் இன்னும் இணைப்பில்தான் இருந்தார், மூச்சுச் சத்தம் கேட்டது.

“கேட்டுச்சா? நான்தான் ஆடிட்டிருக்கேன்,” என்றாள். “வரணும்னா இப்பவே வாங்க. ஆனா நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.”

போனை வைத்துவிட்டுத் திரியை எடுத்துக்கொண்டாள். அதற்குமேல் போகும் வழி எதுவும் அவளுக்குத் தெரியாது. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தாள்.