வெஸ்டா வளரும் என்று சொன்னவர்

லிங்கராஜ் மாமாவுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலை திருவனந்தபுரத்தில், ஒரு தனியார் நட்சத்திரக் காட்சி அரங்கைப் பெருக்குவது. ஒன்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு மலையாள விளக்கவுரை முழுவதும் மனப்பாடம். அவருக்கு ஒரே ஆசை: அந்த இருட்டுக்குள் தன் குரல் தமிழில் ஒலிக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம்தான் கேட்பார். பத்தாம் வகுப்பில் இருமுறை தோற்றவன்தான் நான். ஆனாலும் தோற்றது மலையாளப் பள்ளிக்கூடத்தில் அல்லவா?

"மக்ளே சுஜினு, வானத்துல சுத்துத அந்த வெஸ்டாங்குத கல்ல 'சின்னக்ரஹம்'னு சொல்லுதானுவளே, அப்படின்னா?"

"சின்னக் கிரகம், மாமா. குட்டி. இன்னும் வளரும்."

"கல்லு எப்படிலே வளரும்?"

"ஐந்நூறு கிலோமீட்டர் வளந்தாச்சில்லா? மீதியும் வளரும்."

நம்பிவிட்டார். எனக்கு அன்று முழுக்கச் சிரிப்பு.

அடுத்த வாரம் நாகர்கோவிலிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பேருந்து வந்தது. தமிழில் சொல்ல ஆளில்லை. மேலாளர் விஜய்குமார், "லிங்கராஜே, நீ பறஞ்ஞோ" என்று மைக்கை நீட்டினார். நன்றாகச் சொன்னால் இனித் தமிழ்க் காட்சி அவருக்குத்தானாம்.

செவ்வாய் வரை பிரமாதம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே வெஸ்டா வந்ததும் மாமாவின் குரல் குழைந்தது. "பிள்ளைகளே, இது சின்னக் கிரகம். தாயில்லாக் குட்டி மாதிரி தனியா சுத்துது. கவலப்படாதீங்க, வளந்துரும்."

அரங்கமே வெடித்துச் சிரித்தது.

"ஐயா, அது சிறுகோள். பாறை. வளராது" என்றார் டீச்சர்.

விஜய்குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எடோ, தமிழ்ல சின்னாபின்னம்னு இல்லையா? அந்தச் சின்னமாக்கும். உடைஞ்சது!"

மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். மாமா பேசியதன் ஒலிப்பதிவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இப்போது மலையாளக் காட்சியின் நடுவே, ஜனங்கள் சிரிப்பதற்காக, தினமும் மூன்று வேளை அதைப் போடுகிறார்கள். ஏன் அப்படிச் சொல்லிக்கொடுத்தாய் என்று மாமா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பேன்.

புருஷன் குரல் அரங்கில் வருகிறது என்று யாரோ சொல்லி, ஊரிலிருந்து கௌசல்யா அத்தை பட்டுச்சேலையில் வந்து இறங்கினாள். துணைக்கு என்னைத்தான் இழுத்துப் போனாள். இருட்டில் ஆட்களுக்கு இடம் காட்ட வாசலில் டார்ச்சோடு நின்ற மாமா என்னைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டினார். அத்தை உள்ளே போய்விட்டாள்.

குரல் வந்தது. இருநூறு பேர் சிரித்தார்கள். அத்தை என் கையைப் பிடித்தாள்.

"எதுக்கு மக்ளே சிரிக்காவ?"

"மாமா அவ்வளவு அழகா சொல்லிருக்காரு அத்தை. எல்லாருக்கும் சந்தோசம்."

அத்தையும் சிரித்தாள். எல்லோரையும்விடச் சத்தமாக, எல்லோரும் நிறுத்திய பிறகும்.

வாசலில் மாமாவின் டார்ச் அணைந்தது.